வயிறு என்று எழுதாத லீவு லெட்டர்

சமைக்கிறவளுக்குக் காய்ச்சல் வரலாம். கால் வீங்கலாம், கையில் கொதிநீர் பட்டுக் கொப்பளிக்கலாம். வயிறு மட்டும் கெடக்கூடாது. கெட்டாலும் அதைத் தாளில் எழுதக்கூடாது. இப்படி ஒரு சட்டம் இருப்பது இருபது வருஷத்துக்கு மேல் சத்துணவு சமைத்த எனக்கே தெரியாமல் இருந்தது. தெரிந்துகொண்ட நாளையும், அதை எனக்குத் தெரியவைத்தவரையும் நான் மறக்கவில்லை. இப்போது அறுபத்தெட்டு வயதாகிறது. இந்த வயதில் மனதில் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது என்று கோயிலுக்குப் போகிற பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்குப் பக்கம். சுற்றிலும் வயல், நடுவில் பள்ளிக்கூடம், அதன் பின்னால் சமையல்கூடம். தொண்ணூறு பிள்ளைகள் சாப்பிடுவார்கள். சமையல் நான். கூடமாட வேலை செய்ய ஒரு பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவள், உதவியாளர் என்று பெயர். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே அமைப்பாளர் அம்மா. அரிசி, பருப்பு, முட்டை, கணக்கு நோட்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஊரில் எல்லாரும் அவரைச் சத்துணவு டீச்சர் என்பார்கள். நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பிள்ளைகள் என்னை ஆயா என்பார்கள், அவரும் ஆயா என்பார். பிள்ளைகள் 'வாங்க ஆயா' என்பார்கள். அவர் 'வா ஆயா' என்பார்.

அவருடைய மாமனார் வீட்டு வயலில்தான் என் அம்மா நடவு நட்டாள். அந்த வீட்டில் என் அம்மாவுக்குக் கொல்லைப் பக்கம் நிற்கவைத்துத்தான் கஞ்சி ஊற்றுவார்கள். அதெல்லாம் பழைய கதை. அவர்கள் நிலம் ஒவ்வொன்றாக விற்றுப்போனது. அதில் மூன்று மா நிலத்தை என் மகன் வாங்கினான். இருந்தாலும் டீச்சர் எங்கள் சமையல்கூடத்தில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் வரும், டிபன் கேரியர் வரும். நானும் அதைக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதால் எனக்குத் தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அது ஐப்பசி மாதம். என் அக்கா வீட்டுக்காரருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். வெள்ளிக்கிழமையே டீச்சரிடம் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனேன், ஞாயிற்றுக்கிழமையே சாயங்காலம் திரும்பிவிட்டேன். விருந்து சாப்பிட்ட அத்தனை பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தாகத்தில் குடத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் இரண்டு சொம்பு குடித்தேன். மழைத் தண்ணீர் கலந்து குழாயில் கலங்கலாக வந்துகொண்டிருந்த நேரம். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் ஐந்து தடவை போய்விட்டது.

மருமகள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நீங்க படுங்க அத்தை. நான் போய்ச் சொல்லிட்டு சாவியக் குடுத்துட்டு வந்துடுறேன்."

"வாய்ல சொன்னா செல்லாது. எழுத்துல குடுக்கணும். நானே போறேன்."

வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. அன்றைக்குப் பாதி வழியில் வேலி ஓரம் ஒரு தடவை உட்கார வேண்டியதாகிவிட்டது. டீச்சர் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், வயித்தால போவுது. விடியக்காலையிலேர்ந்து நிக்கல. இன்னிக்கு லீவு வேணும்."

"லீவா? மோர குடிச்சுட்டு வேலையப் பாரு ஆயா. அந்தப் பொண்ணு ஒத்தையா என்ன செய்யும்?"

"என்னால நிக்க முடியும் டீச்சர். அதுக்கில்ல. வயித்தால போறவ பிள்ளைங்க சோத்துல கை வைக்கக்கூடாது. பயிற்சிக்குக் கூப்பிட்டப்ப அவங்கதான சொன்னாங்க."

"அவங்க ஆயிரம் சொல்வாங்க." கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, இரு. நானே லெட்டர் எழுதுறேன். ஆனா வயிறுன்னு எழுத முடியாது."

"ஏன் டீச்சர்?"

"சமைக்கிறவளுக்கே வயித்தால போவுதுன்னு எழுதினா, சாப்பாட்டுலதான் கோளாறுன்னு ஒன்றிய ஆபீஸ்லேர்ந்து ஜீப்பு வந்து நிக்கும். அரிசிய எடுத்துப் பாப்பான், தண்ணிய எடுத்துப் பாப்பான், உன்னையும் என்னையும் வெயில்ல நிக்கவச்சுக் கேள்வி கேப்பான். உனக்குத் தேவையா?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் பள்ளிக்கூடத்துச் சோறே தின்னலையே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியுமா? சொந்த வேலைன்னு எழுதுறேன். வயிறும் உன் சொந்தம்தான."

உதவிக்காரப் பெண் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அன்றைக்குப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வயிறு நேரம் கொடுக்கவில்லை. போட்ட கையோடு பள்ளிக்கூடத்துக் கொல்லைக்கு ஓடினேன்.

சமையலர் லீவு என்றால் பக்கத்து ஊர் சத்துணவு மையத்திலிருந்து ஆளை வரவழைக்க வேண்டியது அமைப்பாளர் வேலை. ஒரு போன் போட்டால் போதும். டீச்சர் போடவில்லை. உதவிக்காரப் பெண் ஒற்றை ஆளாகக் காய் நறுக்கி, அடுப்பு மூட்டி, தொண்ணூறு முட்டையையும் உரித்து, பிரியாணியை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். ஒன்றரை மணி ஆகியும் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, எந்த ஜீப்புக்குப் பயந்து வயிறு என்று எழுதாமல் விட்டாரோ, அதே ஜீப்பு தானாகவே வந்து வாசலில் நின்றது.

நடந்ததை உதவிக்காரப் பெண் மறுநாள் என் வீட்டுக்கு வந்து சொன்னாள். அதிகாரி, சமையலர் எங்கே என்று கேட்டிருக்கிறார். ஆள் வரவழைக்காதது தன் மேல் வந்து விழும் என்று டீச்சருக்குத் தெரியும்.

"திருக்கடையூர்ல விருந்துன்னு நேத்துப் போனாங்க சார், இன்னும் திரும்பி வரல. சொந்த வேலைன்னு ஒரு லெட்டர மட்டும் குடுத்து அனுப்பியிருக்காங்க. நான் என்ன சார் செய்வேன்?" இப்படிச் சொன்னாராம். லெட்டரையும் எடுத்துக் காட்டினாராம்.

"நீ ஏன்டி வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"எனக்கு வேலை நிரந்தரம் ஆகலையே ஆயா," என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வயிறும் வயிறுதான்.

புதன்கிழமை உடம்பு தேறி வேலைக்கு வந்தேன். வியாழக்கிழமை மெமோ வந்தது. சமையல்கூடத்துப் படியில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். மாணவர்களைப் பசியோடு காக்கவைத்து, விருந்துக்குச் சென்றமைக்கு விளக்கம் தரவும் என்று இருந்தது. இரண்டாம் தடவையும் படித்தேன். இருபது வருஷத்தில் பிள்ளைகள் கை கழுவுவதற்கு முன்னால் நான் ஒரு பருக்கை வாயில் போட்டது கிடையாது. என்னைப் பெற்றவள் செத்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்தவள் நான். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பணமா, படிப்பா? நம்பி விடலாம், இந்த ஆயா பிள்ளைகளைப் பசியில் விடமாட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதுதான் இருந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் மேஜைக்குப் போனேன்.

"அவருதான் அப்படி எழுதிட்டாரு ஆயா. என்னை என்ன பண்ணச் சொல்ற? தெரியாமப் போயிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு எழுதிக் குடுத்துடு. முடிஞ்சுது."

"நான் போகலையே டீச்சர். எனக்கு வயித்தால போச்சு. உங்களுக்குத் தெரியுமே."

"இப்பப் போயி வயிறுன்னு சொல்லு. அன்னிக்கு ஏன் சொந்த வேலைன்னு கையெழுத்துப் போட்டன்னு கேப்பான். பொய் லெட்டர் குடுத்தன்னு அதுக்கு வேற ஒரு மெமோ வரும். வேணுமா?"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். முட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

நான் மன்னிப்பு எழுதிக் கொடுக்கவில்லை. எச்சரிக்கை செய்யப்படுகிறது என்று இன்னொரு தாள் வந்தது, அதை என் ஃபைலில் கோத்துவிட்டார்கள். என் மகன், "விடும்மா, ஒரு தாள்தான," என்றான். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, எனக்குத் தங்கை முறை வேண்டும், எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"என்னக்கா, அறுபதாங் கல்யாணத்துல பாயசம் எத்தனை டம்ளரு? எங்க வீட்டுச் சின்னது அன்னிக்குப் பசியோட வந்து அழுவுது. அதுக்கும் ஒரு டம்ளர் கொண்டாந்திருக்கலாம்ல."

வரிசையே சிரித்தது. நான் அரிசி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

நாலு நாள் யோசித்தேன். ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போடலாம். தெருவில் நின்று திட்டலாம். திட்டினால் ஒரு நாள் பேச்சு, அப்புறம் ஆயாவுக்கு வாய் அதிகம் என்று முடிந்துபோகும். டீச்சருக்கு அது உறைக்காது. அவருக்கு உறைக்கிற இடம் எது என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு நாளும் தொடாத இடம் அது.

சத்துணவில் ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் அமைப்பாளர் சாப்பாட்டை ருசி பார்க்க வேண்டும். பார்த்து, நோட்டில் தேதி போட்டு, நன்றாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் திங்கட்கிழமை காலையிலேயே ஐந்து நாளுக்கும் சேர்த்து எழுதிவிடுவார். நன்று, நன்று, நன்று, நன்று, நன்று. ஒரே மையில் இருக்கும். வெள்ளிக்கிழமைச் சோறு நன்று என்று திங்கட்கிழமையே தெரிந்துவிடும் அவருக்கு.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை. சாம்பார் சாதம். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் அகப்பையை எடுக்கவில்லை. ஒரு தட்டைத் தேய்த்துக் கழுவி, சாதம் வைத்து, டீச்சர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"ருசி பாருங்க டீச்சர்."

"அங்க வை. அப்புறம் பாக்குறேன்."

"நீங்க பாத்தாத்தான் பிள்ளைங்களுக்குப் போடலாம். விதி அப்படித்தான் இருக்கு."

"என்ன ஆயா புதுசா?"

"புதுசு இல்ல டீச்சர். நோட்டுல நீங்க தினமும் எழுதுறதுதான."

தொண்ணூறு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். வராந்தாவில் ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், யார் பக்கமும் பேசாதவர். அவரும் பார்த்தார். முன் வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று, "டீச்சர், சீக்கிரம் சாப்பிடுங்க டீச்சர், பசிக்குது," என்றது. நான் சொல்லிக்கொடுத்து வரவில்லை. சத்தியமாக அது தானாகச் சொன்னதுதான்.

டீச்சர் இரண்டு விரலால் நாலு பருக்கையை எடுத்தார். நாக்கில் படாமல் தொண்டைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தார். விக்கிக்கொண்டது. அவருடைய பாட்டில் அன்றைக்கு வண்டியிலேயே இருந்துவிட்டது. நான் சமையல்கூடத்துக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வேறு வழியில்லை, குடித்தார். நான் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தேன். கண் சிமிட்டினேனா என்றுகூடத் தெரியவில்லை. என் அம்மா உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும்.

"உப்பு சரியா இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

மறுநாளும் வைத்தேன். அடுத்த திங்கட்கிழமையும் வைத்தேன். டீச்சருக்கு விரதங்கள் வர ஆரம்பித்தன. செவ்வாய்க்கிழமை விரதம் என்றார். வெள்ளிக்கிழமை விரதம் என்றார். சஷ்டி வந்தது, கிருத்திகை வந்தது, பஞ்சாங்கத்தில் இல்லாத நாளெல்லாம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன்.

"விரதம்னா சாப்பிட வேணாம் டீச்சர். இன்னிக்கு ருசி பாக்கலன்னு நோட்டுல எழுதிடுங்க, நான் பிள்ளைங்களுக்குப் போட்டுடுறேன்."

அப்படி எழுத அவரால் முடியாது. எழுதினால் ஆபீசில் கேட்பார்கள். விரதம் அன்றைக்கே முடிந்துவிடும். முட்டை சேராது என்றார், சரி, சாதம் மட்டும் பாருங்கள் என்றேன். அதில் நான் கறாராக இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டில் ஒரு நாளும் உப்பைக் கூட்டியதில்லை, காரத்தைக் கூட்டியதில்லை, ஆறிப்போனதை வைத்ததில்லை. அந்தச் சோறு குறையில்லாமல் இருக்க வேண்டும். குறை இருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவார்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் டீச்சர் முகம் வெளுத்து வந்தார். இரண்டு தடவை எழுந்து போனார். மணி பன்னிரண்டு ஆனது. தட்டை வைத்தேன்.

"ஆயா, இன்னிக்கு நெசமாவே முடியல. எனக்கு வயிறு சரியில்ல."

"அப்ப வீட்டுக்குப் போங்க டீச்சர். லீவு லெட்டர் எழுதுங்க, நான் ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்துடுறேன்."

பேனாவை எடுத்தார். எழுதாமல் உட்கார்ந்திருந்தார். தினமும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை ருசி பார்த்ததாக அவர் கையெழுத்து நோட்டில் இருக்கிறது. வயிறு என்று எழுதினால் ஜீப்பு வரும்.

"என்னன்னு எழுதப் போறீங்க? சொந்த வேலையா?" என்று கேட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்கு என்னதான் வேணும் ஆயா? எத்தனை நாளைக்கு இப்படிப் பண்ணுவ?"

"யார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களோ, அவர்கிட்டயே அது பொய்யின்னு சொல்லணும். தனியா வேணாம். ஊரு முன்னால சொல்லணும். என் பேரு ஊரு முன்னாலதான் போச்சு."

அன்றைக்கு மட்டும் தட்டை நானே எடுத்துக்கொண்டேன். வயிறு கெட்டவருக்குச் சோறு ஊட்டுகிற பாவம் எனக்கு வேண்டாம். ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு ருசி பார்க்கவைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டேன். மூன்றாம் நாள் அவர் தேறி வந்ததும் மறுபடி வைத்தேன்.

தை மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புது கேஸ் அடுப்பு கொடுக்க அதே அதிகாரி வந்தார். பெற்றோர் கூட்டமும் அன்றைக்குத்தான். பொங்கல் முடிந்து அறுப்பு தொடங்கிய நேரம், ஆனாலும் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ரேஷன் கடையில் பாயசம் கேட்டவளும் வந்திருந்தாள், நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பேசி முடித்தார். டீச்சர் எழுந்தார்.

"சார், ஐப்பசி மாசம் சமையலர் மேல மெமோ குடுத்தீங்க. அவங்க அன்னிக்கு விருந்துக்குப் போகல. வயித்துப்போக்கு. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. லெட்டர நான்தான் மாத்தி எழுதினேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். குரல் மேஜையைத் தாண்டவில்லை. நான் பின்னால் சமையல்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"கடைசி வரிசைக்குக் கேக்கல டீச்சர்," என்றேன்.

திரும்பவும் சொன்னார். இந்தத் தடவை கேட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத ஏம்மா அன்னிக்கே சொல்லல? சரி, எழுதிக் குடுங்க, ரத்து பண்ணிடலாம்," என்றார். டீச்சர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும் நான் போய்த் தாளை வாங்கினேன். எல்லாரும் காத்திருக்க, எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தேன். வயிற்றுப்போக்கு என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் அதிகாரியிடம் கொடுத்தேன்.

வெளியே வரும்போது தங்கை முறைக்காரி என் கையைப் பிடித்தாள்.

"தெரியாமக் கேட்டுட்டேன் அக்கா."

"தெரிஞ்சுக்கிட்டுக் கேளு இனிமே," என்றேன். கையை விடுவித்துக்கொண்டேன்.

ரத்து செய்த தாள் ஒரு வாரத்தில் வந்தது. ஊர் வாயும் மூடிக்கொண்டது. எல்லாம் நேராகிவிட்டது என்று டீச்சர் நினைத்தார். கூட்டத்துக்கு மறுநாள் அவர் முகத்தில் தெளிச்சல் இருந்தது, என்னிடம் ஒரு வார்த்தை சிரித்துக்கூடப் பேசினார். பன்னிரண்டு மணிக்குக் கேரியரைத் திறக்கப் போனார். நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். தக்காளி சாதம்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ கேட்டதத்தான் செஞ்சுட்டேனே ஆயா. ஊரு முன்னால சொல்லிட்டேன். எழுதியும் குடுத்துட்டேன். இன்னும் என்ன?"

"அது என் பேருக்கு டீச்சர். இது பிள்ளைங்க வயித்துக்கு. ருசி பாருங்க, நேரமாவுது."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கேரியரை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் ஓய்வு பெற அதற்கு மேல் ஐந்து வருஷமும் சில மாதமும் இருந்தது. ஒரு வேலை நாள்கூடத் தவறவிடவில்லை.